கிளாஸ்கோவில் தம்பி தேர்தலில் நின்றான்

தம்பியின் அழைப்பு வந்தபோது நான் பேக்கரியின் பின்கதவுக்கு வெளியே நின்று இடைவேளைக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில். அவன் இருப்பது ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில். என் வேலை நேரத்தில் அவன் ஒருநாளும் அழைப்பதில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அக்கா, ஒரு நல்ல விசயம். இஞ்ச கவுன்சில் எலெக்சனிலை நிக்கச் சொல்லிக் கேட்டவை. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

எந்தக் கட்சி என்று கேட்டேன். சொன்னான். பிரித்தானியாவை விட்டு ஸ்கொட்லாந்து பிரிந்து தனிநாடாக வேண்டும் என்று கேட்கிற கட்சி.

"போனிலை உதுகளைக் கதைக்காதை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் என் புத்தியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அது அங்கே பகிரங்கமாக நடக்கிற கட்சி. அவர்களுடைய ஆட்கள் ஸ்கொட்லாந்தின் அரசாங்கத்தையே நடத்தியிருக்கிறார்கள். அவன் போனில் கதைத்தால் என்ன, சந்தியில் நின்று ஒலிபெருக்கியில் கதைத்தால் என்ன? இதெல்லாம் தலைக்கு விளங்குகிறது. வயிற்றுக்கு விளங்குவதில்லை. 'தனிநாடு' என்ற சொல் காதில் விழுந்தால் என் வயிறு முதலில் கதவு பூட்டியிருக்கிறதா என்றுதான் கேட்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். உள்ளூராட்சித் தேர்தலில் நின்றார். ஒழுங்கைக்குத் தார், சந்திக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு பின்னேரம் யாரோ அவர் வீட்டுப் படலையில் நின்று 'சேர்' என்று கூப்பிட்டார்கள். மரியாதையான குரலாம். அவர் சட்டைகூடப் போடாமல் வெளியே போனார். வெடிச்சத்தம் கேட்டதும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குள் அடுப்போரம் தள்ளிப் பூட்டினா. தம்பி அப்போது நடை பழகுகிற பிள்ளை, அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. யார் சுட்டது என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். இன்றுவரை ஒருவரும் உரத்துச் சொல்வதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரில் சுட்டது ஒரு பக்கத்தார் மட்டுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே என் தம்பி தேர்தலில் நிற்கிறான் என்றால், எந்த நாடு, எந்தத் தேர்தல் என்று நான் ஆற அமர யோசிப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. எனக்கு இருப்பது ஒரே தம்பி.

ஸ்கொட்லாந்தைப் பற்றி நான் கவலைப்படத் தொடங்கியது அன்றைக்கில்லை. இரண்டாயிரத்துப் பதினான்கில் அங்கே பிரிவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள் அல்லவா, அப்போதே தொடங்கிவிட்டது. இங்கே எங்கள் கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபடியே ஆண்கள் ஸ்கொட்லாந்தைப் பிரித்துக்கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் ஸ்கொட்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. "ஒரு வெடி இல்லை, ஒரு செத்தவீடு இல்லை, பேப்பரிலை புள்ளடி போட்டு நாடு எடுக்கப்போறாங்கள்" என்று ஒரு அண்ணை சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சிரிக்க நினைத்த நான் சிரிக்காமல் தட்டை நீட்டினேன். அப்படியும் கேட்க ஒரு வழி இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை அங்கே நின்ற எல்லோருக்கும் இருந்தது.

முடிவு வந்தது. கூடுதலான ஆட்கள் பிரியவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மண்டபம் செத்தவீடு மாதிரி ஆனது. நான் மட்டும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஊரடங்கு எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டினார்கள்: ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாள், பேருந்து ஓடுகிறது, கடைக்காரன் கடையைத் திறக்கிறான். தோற்றவர்கள் அழுதார்கள், பிறகு வேலைக்குப் போனார்கள். போனதோடு விடவுமில்லை. பிரியவேண்டும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். யாரும் அவர்களை உள்ளே போடவில்லை. தோற்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு ஒருவன் தன் வீட்டிலேயே இருக்கலாம் என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத காரியம்.

என்னோடு பேக்கரியில் நிற்கும் பெண் அறுபதைத் தாண்டியவர், கார்ல்ஸ்ரூஹேயிலேயே பிறந்து வளர்ந்தவர். தம்பியின் விசயத்தை அவரிடம்தான் முதலில் சொன்னேன். கணவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். அந்தப் பெண் சுட்டெடுத்த பாணை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, "எங்கள் அப்பாவும் இப்படித்தான்" என்றார். இந்தப் பகுதிக்கு பாடன் என்று பெயர். ஒருகாலத்தில் தனி மாநிலம், இந்த ஊர்தான் தலைநகரம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிட்டார்கள். தலைநகரம் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விட்டது. அதை இவருடைய அப்பா சாகும்வரை மன்னிக்கவில்லை. இவர் சிறுமியாக இருந்தபோது அதற்கும் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்களாம். அப்பா பிரியவேண்டும் என்று வீடு வீடாகப் போனாராம். படுதோல்வி. அதன் பிறகு ஸ்டுட்கார்ட்டில் செய்த கார் எதிலும் ஏறமாட்டேன் என்று சபதம் எடுத்தவர், மகள் போயும் போயும் ஸ்டுட்கார்ட் பையனையே கலியாணம் கட்டியபோது தேவாலயத்துக்கு நடந்தே வந்தாராம்.

"எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டேன்.

அவர் கையில் இடுக்கியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "செத்தார்களா? எதற்கு?"

நான் வேறு கதைக்கு மாறிவிட்டேன். இந்த ஊரிலேதான் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றமும் இருக்கிறது. எந்த மாநிலமும் தன்பாட்டில் பிரிந்துபோக இந்த நாட்டில் இடமில்லை என்று அது சொல்லியிருக்கிறது. வேலை முடிந்து சைக்கிளில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போவேன். அன்றைக்கு அதைப் பார்த்தபோது ஒரு வாக்கியத்தில் கதையை முடித்த அந்த நீதிபதிகள்மீது எனக்கு அன்புகூட வந்தது. முடியாது என்றால் முடியாது. என் தம்பியும் இந்த ஊருக்கு வந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பான்.

கணவரிடம் சொன்னேன். நினைத்தபடியே சிரித்தார். "இஞ்ச பாரும், அது ஸ்கொட்லாந்து. நீர் இன்னும் ஒழுங்கையிலையே நிக்கிறீர்" என்றார். இதைச் சொல்கிற மனிதர், நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகியும் அழைப்புமணியில் எங்கள் பேரைப் போட விடாதவர். தபால்காரர் வந்து சண்டை பிடித்த பிறகுதான் போட்டார். அதைச் சொல்லிக்காட்டியதும் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

போனில் சொல்லித் தீராது என்று லீவு எடுத்துக்கொண்டு கிளாஸ்கோவுக்குப் போனேன். அவனை எப்படியாவது விலக வைப்பது என்ற ஒரே எண்ணம்தான். அம்மாவின் பேரை இழுப்பது, அழுவது, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் ஆயத்தம். அவன் ஒன்றுக்கும் இடம் தரவில்லை. அடுத்த நாளே என் கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தைத் தந்து, "வாங்கோ அக்கா, ஒரு தெரு மட்டும்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். துண்டுப்பிரசுரத்தில் அவனுடைய முகம். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அடியில் அவன் பேர். இப்படி முகத்தையும் பேரையும் ஒன்றாக அச்சடித்து ஊரெல்லாம் கொடுப்பதற்கு ஒருவனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும், அல்லது எவ்வளவு தெரியாமல் இருக்கவேண்டும்?

மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. தம்பி பிறகு சொன்னான்: மகன் இங்கிலாந்தில் இருக்கிறானாம், பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்தவர்களாம், அவர்களைப் பார்க்கப் போவதற்கு இடையில் ஒரு எல்லை வர இவர் சம்மதிக்கமாட்டாராம். ஆனால் நல்ல பையன் நீ, குளிரில் நிற்காதே என்று பிஸ்கட் தந்தார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. தம்பி மனைவியின் அக்காவும் இங்கிலாந்தில், லெஸ்டரில்தானே இருக்கிறா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கார் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போகிறார்கள். தம்பியின் மனைவியான அந்தப் பிள்ளையும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "பிரிஞ்சால் அக்கா வீட்டை போக பாஸ்போட் வேணுமோ?" என்று கேட்டது. தம்பி, "சீச்சீ, ஒண்டும் மாறாது" என்றான். ஒன்றும் மாறாது என்றால் எதற்கடா பிரிவது என்று நான் கேட்டேன்.

அவன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். "அக்கா, இஞ்சத்தை விசயத்தை இஞ்ச இருக்கிறவை முடிவெடுக்கட்டும் எண்டு கேக்கிறது பிழையோ? நீங்களும் ஒருகாலத்திலை இதைத்தானே கேட்டனீங்கள்."

கேட்டேன்தான். கேட்டதில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்டதற்குப் பிறகு வந்ததெல்லாம் என் கண்முன்னால் வந்து நிற்கிறது. அவனுக்கு நியாயம் தெரிகிறது, எனக்குச் செத்தவர்கள் தெரிகிறார்கள். ஒரே வீட்டில் பிறந்தோம் என்றுதான் பேர்.

துண்டுப்பிரசுரம் கொடுத்த அந்தத் தெருவின் கோடியில்தான் எதிர்க்கட்சி வேட்பாளரைக் கண்டேன். பிரியக்கூடாது என்கிற கட்சி. வெள்ளைத் தாடி வைத்த வயதான மனிதர், பேருந்துச் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவராம். அவரும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தோடு எதிர்ப்பக்கத்தால் வந்துகொண்டிருந்தார். நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவனோ அவரிடம் நேரே போய், அவருடைய குடைக்குள் நின்று கதைக்கத் தொடங்கிவிட்டான். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்களாம். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரமாக நின்ற அவருடைய காரின் நிறத்தையும் நம்பரையும் மனதில் எழுதி வைத்தேன். பிறகு ஏதும் நடந்தால் பொலீசுக்குச் சொல்ல உதவும் அல்லவா?

தம்பி விலகவில்லை. நான் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் கைப்பையைத் திறந்தபோது உள்ளே அந்தத் துண்டுப்பிரசுரங்கள் கொஞ்சம் இருந்தன. என் பிள்ளைகளிடம் காட்டச் சொல்லி வைத்துவிட்டிருக்கிறான். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்கினேன். முன்பு யாழ்ப்பாண வழியில் ஆமியின் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வரமுன்னர் அம்மா இப்படித்தான் பையைக் கொட்டித் தேடுவா. ஒரு பத்திரிகைத் துண்டுகூட இருக்கக்கூடாது. கடைசித் துண்டுக்கு வந்தபோது அவனுடைய முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைக் கிழிக்கக் கை வரவில்லை. ஒரு முகத்தை மட்டும் சுற்றிவரக் கிழித்தெடுத்து, மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். பிராங்பேர்ட்டில் எல்லை அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு நல்ல பின்னேரம் என்று சொன்னான். அவ்வளவுதான். ரயிலில் வீடு வரும்வரை கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு தேர்தல் வரைக்கும் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. தினமும் அவனுக்கு எடுப்பேன். கட்சியின் பேரைச் சொல்லமாட்டேன். 'அந்த அலுவல்' என்பேன். 'அந்த அலுவல் எப்பிடிப் போகுது?' அவன் வேண்டுமென்றே பேரை உரத்துச் சொல்லுவான். நான் வைத்துவிடுவேன். திரும்ப எடுத்து, வாசல் விளக்குப் போட்டிருக்கிறதா, இருட்டுப்பட்ட பிறகு யாரும் வந்து கூப்பிட்டால் போகாதே என்பேன். அவன் மனைவியிடமும் தனியாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை, "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்" என்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா?

கடைசியில் நான் செய்ததை வேறு எந்த வேட்பாளரின் அக்காவும் செய்திருக்கமாட்டாள். கோயிலுக்குப் போய், தம்பி தோற்கவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டு வந்தேன். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற அக்கா பேர், நட்சத்திரம், தேர்தல் விசயம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "தம்பி வெல்லுவார், யோசிக்காதேங்கோ" என்றா. ஐயரும் அவன் வெற்றிக்கென்றே மந்திரம் சொன்னார். எது பிள்ளையாருக்குக் கேட்டிருக்கும் என்ற கவலை அதோடு சேர்ந்துகொண்டது.

வாக்களிப்பு வியாழக்கிழமை. எண்ணுவது அடுத்த நாள் காலை. வெள்ளிக்கிழமை பேக்கரியில் ஒருவருக்குக் கேட்ட பாணை விட்டு வேறு பாணைக் கொடுத்தேன், இன்னொருவருக்கு மிச்சக் காசு கொடுக்க மறந்தேன். கூட நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் தாண்டி அடித்தது.

"தோத்திட்டன் அக்கா" என்றான்.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? கண்ணீர் தன்பாட்டில் வழிந்தது. வென்றது அந்த வெள்ளைத் தாடிக்காரர். தம்பியின் குரல் தளர்ந்திருந்தது. பாவம், அவன் எவ்வளவு அலைந்தான். நானும் ஐயோ என்றேன், பரவாயில்லை என்றேன், அடுத்தமுறை பார்க்கலாம் என்று பொய்கூடச் சொன்னேன். இனி அவனை யாரும் தேடமாட்டார்கள். தோற்றவனை யார் தேடுவது?

"எங்கை நிக்கிறாய்? வீட்டை வந்திட்டியோ?"

"ஓம் அக்கா. நல்ல மழை. அவர்தான் காரிலை கொண்டுவந்து விட்டவர்."

"எவர்?"

"வெண்டவர். இண்டைக்குக் கார் இவ கொண்டுபோனவ, எனக்கு பஸ்ஸும் இல்லை எண்டு அவருக்குத் தெரிஞ்சிட்டுது. வாரும், நான் விடுறன் எண்டார். இஞ்சதான் இருக்கிறார், தேத்தண்ணி குடிக்கிறார். இவ ரோல்ஸ் பொரிச்சுக் குடுத்தவ."

"அவனை வீட்டுக்குள்ளை விட்டனியோ?"

"அக்கா…"

"வீடு எதெண்டு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சே. பிள்ளையள் எங்கை? பிள்ளையளை மேலை அனுப்பு."

தம்பி சிரித்தான். களைத்துப்போன சிரிப்பு. "நீங்களே கதையுங்கோ" என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே போனை அவரிடம் கொடுத்துவிட்டான். ஹலோ என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. உங்கள் தம்பி நல்லாய்ப் போட்டியிட்டார் என்று ஏதோ சொன்னார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஜேர்மன் படித்த பிறகு பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் போய்விட்டது. அந்த நேரத்தில் எனக்குள் மிஞ்சியிருந்த ஆங்கிலம் முழுவதையும் கூட்டி அவரிடம் கெஞ்சினேன். பிளீஸ் சேர், என் ஒரே தம்பி, அவன் நல்ல பிள்ளை, தோற்றுவிட்டான், இனி வரமாட்டான், அவனை ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பிளீஸ் சேர், பிளீஸ் சேர் என்று வந்துகொண்டேயிருந்தது.

பிறகு அவர் மெதுவாக ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தம்பி போனை வாங்கினான். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"அக்கா, நீங்கள் இவ்வளவு பயப்பிட, தான் என்ன செய்தவர் எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்ல?"

அப்போதுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

"சொல்லு, அவர் ஒண்டும் செய்யேல்லை எண்டு" என்றேன். "அவர் ஒண்டும் செய்யேல்லை."